வீட்டிலேயே விந்தணுச் சோதனை: கிட் வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினால் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி மருமகளைத் தேடித்தான் வரும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, விரதம் எல்லாம் அவள் தலையில். ஆனால் குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. லேபில் டப்பாவைக் கையில் வாங்கவே கூசும் கணவர்களுக்கு, வீட்டில் செய்துபார்க்கும் கிட் நல்ல முதல் படி. முதல் படி மட்டுமே.

1. மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால், ஒரு வருடம் முயன்றும் பலனில்லாதபோது இருவரும் சோதித்துக்கொள்வது வழக்கம். 35 ஆகிவிட்டால் ஆறு மாதம் போதும். சிறுவயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பொன்னுக்கு வீங்கியின்போது விதையும் வீங்கியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் கிட்டில் காலம் கடத்தாமல் நேரே மருத்துவரிடம் போகலாம்.

2. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். கருத்தடை ஆபரேஷன் பலித்ததா என்று பார்க்கும் கிட்டும் இதே தோற்றத்தில் இருக்கும். அதில் ஒன்று மில்லிக்கு இரண்டரை லட்சம் அணுக்கள் இருந்தாலே 'இருக்கிறது' என்று காட்டிவிடும். குழந்தைப்பேற்றுக்கு அந்தக் கணக்கு எந்த மூலைக்கு?

3. குழந்தைப்பேற்றுக்கான கோடு காட்டும் கிட்டுகளில் பரவலாக அறியப்பட்ட வகை, விந்தணுவின் தலைப்பகுதியில் உள்ள எஸ்பி-10 என்ற புரதத்தைத் தேடுகிறது. மில்லிக்கு 2 கோடியும் அதற்கு மேலும் இருந்தால் இரண்டு கோடு, குறைந்தால் ஒரு கோடு. இந்த 2 கோடி என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன அளவு. 2021-இல் வந்த கையேட்டில் கீழ் எல்லை 1.6 கோடி. ஆக, 1.8 கோடி உள்ளவருக்குக் கிட் 'குறைவு' என்று சொல்லும், லேப் 'பரவாயில்லை' என்று சொல்லும். இரண்டும் பொய்யில்லை, அளவுகோல்தான் வேறு. உங்கள் கிட்டின் எல்லை எது என்பதைத் தாளில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் கேமராவில் பொருத்தும் வகையும் உண்டு. நகரும் அணுக்களைக் கணக்கிடும், விலையும் கூடுதல். உங்கள் போன் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

4. காலாவதித் தேதி முக்கியம். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் கிட்டை மறந்து வைத்துவிட்டால் அதை நம்ப முடியாது. உறையைச் சோதனைக்குச் சற்று முன்தான் பிரிக்க வேண்டும்.

5. கடைசியாக விந்து வெளியேறி இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஏழு நாளைத் தாண்டக் கூடாது. தாம்பத்தியம் மட்டுமல்ல, சுய இன்பமும் இந்தக் கணக்கில் சேரும். 'இரண்டு வாரம் சேர்த்துவைத்தால் கவுன்ட் ஏறும்' என்று நண்பர்கள் சொல்வார்கள். எண்ணிக்கை ஏறலாம், ஆனால் தேங்கிக் கிடந்த அணுக்களின் வேகம் குறையும்.

6. சமீபத்தில் டெங்கு, டைஃபாய்டு என்று கடும் காய்ச்சல் வந்துபோயிருந்தால் மூன்று மாதம் பொறுங்கள். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 72 நாள் பிடிக்கும், வெளியே வந்துசேர மேலும் சில நாள். இன்று வருவது ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையின் கணக்கு.

7. சிறுநீர் கழித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கிட்டில் உள்ள கப்பிலேயே நேரடியாகச் சேகரியுங்கள். தேங்காய் எண்ணெய், சோப்பு, எச்சில், கடையில் விற்கும் ஜெல் எதுவும் ஆகாது. சாதாரண ஆணுறையில் பிடித்து ஊற்றுவதும் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது கீழே சிந்திவிட்டால் மிச்சத்தை வைத்துச் சமாளிக்காதீர்கள். இன்னொரு நாள் செய்யலாம்.

8. வந்தவுடன் விந்து கெட்டியாக இருக்கும். இளகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெந்நீரில் வைப்பது, வெயிலில் காட்டுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது மூன்றுமே தவறு. ஒரு மணி நேரம் கழிந்தும் இளகவில்லை என்றால் அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள். இளகியபின் கப்பை மெதுவாகச் சுழற்றுங்கள். மோர் சிலுப்புவதுபோல் குலுக்கினால் நுரை கட்டி, துளியின் அளவு தவறிவிடும்.

9. சமதளமான மேசை, டிராப்பரில் குமிழி இல்லாத துளி, போனில் டைமர். சொன்ன நிமிடத்தில் பார்க்க வேண்டும், நேரம் கடந்தபின் தோன்றும் கோடு கணக்கில் வராது. மங்கலான கோடும் கோடுதானா என்பது கிட்டுக்குக் கிட் மாறும். கிட் வேலை செய்கிறது என்பதற்கு எப்போதும் வர வேண்டிய கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லையென்றால் அந்தக் கிட் வீண்.

10. 'நார்மல்' என்று வந்ததும் "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய்ப் பாரு" என்று மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். கோடு காட்டும் கிட் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. எத்தனை அணுக்கள் நீந்துகின்றன, வடிவம் சரியா, மொத்தம் எத்தனை மில்லி வந்தது என்பது அதற்குத் தெரியாது. நூற்றுக்கு 42 அணுக்களாவது அசைய வேண்டும் என்பது 2021 கையேட்டின் கீழ் எல்லை. எண்ணிக்கை நிறைய இருந்தும் அசைவே இல்லாதவர்கள் உண்டு.

11. 'குறைவு' என்று வந்தால் மலடு என்று பொருளில்லை. ஒரே ஆணுக்கு வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை ஏறி இறங்கும். ஆனால் ஒற்றைக் கோடு, கொஞ்சம் குறைவா அல்லது அறவே இல்லையா என்று பிரித்துச் சொல்லாது. நூறு ஆண்களில் ஒருவருக்கு விந்தில் அணுவே இருப்பதில்லை. அதனால் லேபில் முழுப் பரிசோதனை, சில வாரம் கழித்து மறுபடி ஒன்று. விதைப்பையில் ரத்தக்குழாய்கள் வீங்கிச் சுருளும் வெரிகோசில்போல, ஆபரேஷனில் சீராக்கக்கூடிய காரணங்களும் உண்டு. சுவர் விளம்பர லேகியங்களுக்குச் செலவிடும் பணத்தை யூராலஜிஸ்டிடம் கொடுங்கள்.

12. ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போடுபவரா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நினைத்துப் போடுகிறார்கள். வெளியிலிருந்து அது வரத் தொடங்கினால், மூளை விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி அடியோடு நின்றும் போகலாம். மருத்துவரிடம் இதை மறைப்பவர்களே அதிகம். புகை, மது, மடியில் லேப்டாப், அடுப்பருகே நாள் முழுக்க வேலை இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

13. லேபுக்கு மாதிரியை வீட்டிலிருந்தே கொண்டுபோக அனுமதித்தால், அவர்கள் தரும் டப்பாவிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஐஸ் வேண்டாம், டிக்கி வேண்டாம். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் இடைவெளி, எத்தனை மணிக்கு எடுத்தது, கொஞ்சம் சிந்தியதா என்று கேட்பார்கள். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.