மின்சாரம் கண் சிமிட்டும்போது

ஐப்பசி மாதத்து அடைமழை. தஞ்சைக்கு அருகே ஒரு சிற்றூரில் என் மாணவர் ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் மழைமானி ஒன்றை அமைத்திருந்தார். மானியின் சிறு வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையும், கீழ் அறையில் இருந்த ராஸ்பெரி பை கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். உள்ளங்கையில் அடங்கும் இந்த ஒற்றைப் பலகைக் கணினி 2012-இல் விற்பனைக்கு வந்தது. அன்றிரவு விளக்கு மூன்று முறை அணைந்து எரிந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று வினாடிதான். காலையில் கணினி எழவில்லை. நினைவு அட்டை கெட்டிருந்தது. இருபது நாள் மழைக் கணக்கு போயிற்று.

"சார், மூணு செகண்டு கரண்டு போனதுக்கா இப்படி?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

நினைவு அட்டையில் ஓர் எழுத்தை மாற்றவேண்டுமானாலும், அது இருக்கும் பகுதி முழுவதையும் புதிதாக எழுதவேண்டி வரும். கணக்கப்பிள்ளை பேரேட்டின் ஒரு பக்கத்தை அழித்துப் புதிதாக எழுதும்போது விளக்கை அணைத்தால் என்ன ஆகும்? புதுக் கணக்கோடு பழைய கணக்கும் போகும் அல்லவா? அதுவே இங்கும் நடந்தது.

நம் பகுதியில் இத்தகைய சிமிட்டல்களுக்குக் குறைவில்லை. காற்றில் தென்னை மட்டை கம்பியில் உரசினால் போதும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவை வேலை தொடங்கும், பம்புசெட்டுகளும் ஓடும். மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின் கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில் அப்போது மின் அழுத்தம் சரியும்.

சிமிட்டல் மிகச் சிறியதானால் கணினிக்கு ஒன்றும் நேராது. காரணம், சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி. நம் 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அழுத்தம் 325 வோல்ட். அந்த மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட் என்றும், 100 வோல்ட் வரை சார்ஜர் வேலை செய்யும் என்றும் கொள்வோம். ½CV² என்னும் சூத்திரத்தின்படி கிடைப்பது ஏறக்குறைய 0.48 ஜூல். 5 வாட் செலவுக்கு அது 0.1 வினாடி தாங்கும். மூன்று வினாடிக்கு?

இங்கே சூப்பர் கெப்பாசிட்டர் எனப்படும் பெரும் மின்தேக்கி உதவுகிறது. 2.7 வோல்ட், 25 ஃபாரட் கொண்ட இரண்டைத் தொடரில் இணைத்தால் 5.4 வோல்ட் தாங்கும் 12.5 ஃபாரட் கிடைக்கும். அழுத்தத்தை இரண்டும் சமமாகப் பங்கிட, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரே அளவுள்ள மின்தடை வேண்டும். 5 வோல்ட்டில் இதன் ஆற்றல் 156 ஜூல். கணினி 2.5 வாட் எடுத்தால் 62 வினாடி ஓடவேண்டுமே!

ஓடாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அழுத்தம் சுமார் 4.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே இக்கணினி தள்ளாடத் தொடங்கும். 5-இலிருந்து 4.7 வரை கிடைப்பது 18 ஜூல் மட்டுமே, ஏழு வினாடி. வடுவூர் ஏரியானாலும் மதகின் அடிமட்டத்திற்குக் கீழே கிடக்கும் நீர் வயலுக்குப் பாயாது. இதில் இன்னொரு வேடிக்கை: மின்தேக்கியின் ஆற்றல் சார்ஜருக்குத் திரும்பாமல் தடுக்க ஒரு ஷாட்கி டயோடு போடுகிறோம். அது மட்டுமே 0.3 வோல்ட்டை விழுங்கிவிடும். ஏழு வினாடியும் போயிற்று!

ஆகவே ஏற்றம் போட்டு இறைக்கவேண்டியதுதான். குறைந்த அழுத்தத்தை வாங்கி 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும் படியேற்றுச் சுற்றுகள் கடைகளில் கிடைக்கின்றன. சார்ஜர், டயோடு, படியேற்றி, கணினி என்று வரிசையாக இணையுங்கள். டயோடுக்கும் படியேற்றிக்கும் இடையே மின்தேக்கி கிளையாக வரட்டும். வெற்று மின்தேக்கி முதலில் குறுக்குச் சுற்றுப் போலவே மின்னோட்டத்தை விழுங்கும். எனவே கிளையில் 5 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை வைத்து, வெளிவரும் ஆற்றலுக்காக அதன் குறுக்கே இன்னொரு டயோடு போடவேண்டும். 2.5 வோல்ட் வரை இறங்கும் படியேற்றியானால், இழப்பெல்லாம் போக 25 வினாடி கைவசம் இருக்கும்.

அந்த 25 வினாடியை எப்படிச் செலவிடுவது? முதல் டயோடுக்கு முன்னால், சார்ஜர் பக்கத்திலிருந்து ஒரு கம்பியை எடுத்து, 10 கிலோ ஓம், 15 கிலோ ஓம் தடைகளால் 5 வோல்ட்டை 3 வோல்ட்டாகப் பிரித்துக் கணினியின் உள்ளீட்டு முனைக்குத் தரவேண்டும் (முனை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது). 3 வோல்ட் மறைந்ததும் நிரல் 10 வினாடி பொறுத்திருக்கட்டும். பெரும்பாலான சிமிட்டல்கள் அதற்குள் தீர்ந்துவிடும். தீராவிட்டால் கோப்புகளை மூடி முறைப்படி நிற்கட்டும். நிற்கும் வேளையில் மின்சாரம் திரும்பினால் கணினி தானே எழாது. படியேற்றியை ஒரு கணம் நிறுத்திப் போட்டுத்தான் எழுப்பவேண்டும். நானும் இதில் ஒரு நாள் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் மின்சாரம் வரப் பல நாள்களாயின. அதற்கு இந்த ஏற்பாடு போதாது. மின்கலமும் சூரியத் தகடும் வேண்டும்.

5 வோல்ட் பக்கத்தில் மட்டும் சோதனை செய்யுங்கள்; சார்ஜரைத் திறக்காதீர்கள், உள்ளே 325 வோல்ட் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டிரண்டு வினாடிக்கு ஒருமுறை மின்தேக்கியின் அழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்து, V²-ஐ நேரத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். ஏறத்தாழ நேர்கோடு வரும். ஏன் நேர்கோடு? அதன் சரிவிலிருந்து உங்கள் மின்தேக்கி உண்மையில் எத்தனை ஃபாரட் என்று காண முடியுமா? முயன்று பாருங்கள்.