பிராசஸரைக் குளிர வைத்து, கூடுதல் ராம் சேர்ப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் திணறுகிறது என்றதும் புதியது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ராம் நிறைந்துவிட்டால், விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தித் தடுமாறும். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

படி 1: எது கோளாறு என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைப் பாருங்கள். வழக்கமான வேலையிலேயே 85 சதவீதத்தைத் தாண்டினால் ராம் போதவில்லை. எத்தனை ஸ்லாட் காலி என்பதும் அங்கேயே தெரியும்.

சூட்டை அளக்க 'கோர் டெம்ப்' என்ற இலவச மென்பொருள் போதும். கடும் வேலையின்போது 80 டிகிரி வரை கவலையில்லை. அடிக்கடி 95 டிகிரியைத் தொட்டால் கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

படி 2: திறக்கும் முன்

- ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.
- கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடலாம்.
- எந்த வயர் எங்கே இருக்கிறது என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தூசியும் தெர்மல் பேஸ்ட்டும்

முதலில் ஃபேன் வயரைக் கழற்றுங்கள். இன்டெல்லுடன் வரும் ஃபேனில் நான்கு பின்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் அம்புக்குறித் திசையில் கால்வட்டம் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஏஎம்டியின் ஏஎம்4 பிராசஸர் என்றால் கூடுதல் கவனம் தேவை. பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் (ஃபேனுக்கு அடியிலுள்ள உலோகப் பாகம்) இடையே காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோலப் பிடித்துக்கொள்வதால், நேராக இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து வந்து அதன் கால்கள் வளைந்துவிடலாம். ஷட்டவுன் செய்யும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

ஃபேனுக்கு அடியில், ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். காற்றுப்போக்கை அடைப்பது இதுதான். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷாலும் பிளோயராலும் நீக்குங்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் பளபளக்கும்வரை துடையுங்கள். புதிய பேஸ்ட்டைப் பிராசஸரின் நடுவில் ஒரு சிறு பட்டாணி அளவு வையுங்கள். ஹீட்சிங்க் அழுத்தும்போது தானே பரவும். பின்களை முதல்நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பொருத்துங்கள். ஃபேன் வயரை 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் மறக்காமல் மாட்டுங்கள்.

படி 4: சரியான ராம் வாங்குதல்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் கீழே உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது. ஏற்கெனவே உள்ள ராமின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப்போய், அதே வகை, அதே அளவு, அதே வேகத்தில் கேளுங்கள். வேகம் வேறுபட்டால், குறைந்த வேகத்துக்கே இரண்டும் ஓடும்.

படி 5: ராமைப் பொருத்துதல்

நான்கு ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டுகளில் மாட்டுங்கள். அப்போது இரண்டு ராமும் சேர்ந்து இயங்கும் 'டூயல் சேனல்' முறையில் வேலை செய்யும். ஸ்லாட்டின் கிளிப்பைத் திறந்து, வெட்டைப் பார்த்து நேராக வைத்து, இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். 'க்ளிக்' என்று கிளிப் மூடினால் சரியாக அமர்ந்துவிட்டது. அமரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், திசையைப் பாருங்கள்.

படி 6: சோதனை

கேபினெட்டை மூடும் முன் ஆன் செய்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். திரை வராவிட்டால் பவரை நிறுத்தி, ராமைக் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். டிடிஆர்5 என்றால் முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள் ஆகலாம், பொறுத்திருங்கள்.

எல்லாம் சரியென்றால் படி 1-இல் பார்த்த அளவுகளை மறுபடியும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டிவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கும்.