ஆம்பிளைங்க மறைக்கும் நோவு: புரொஸ்டேட் அழற்சி



கவ்வாத்து வேலை செய்யும் ஒரு அண்ணன் மூன்று நாள் காய்ச்சலோடு லயத்தில் படுத்திருந்தார். குளிர் நடுக்கம், இடுப்பு நோவு. கேட்டதற்கு "மழையில நனைஞ்சது" என்றார். ஒண்ணுக்குப் போகும்போது எரியுது என்பதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சலம் அடைத்துக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இன்னொருவருக்கு அப்படி நேரக் கூடாதென்றே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

புரொஸ்டேட் என்பது என்ன?

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி, ஏறக்குறைய சாதிக்காய் அளவில் இருக்கும். விந்தில் சேரும் நீரைச் சுரப்பது இதன் வேலை. குடலில் வாழும் ஈ. கோலை போன்ற பக்டீரியா சலக்குழாய் வழியாக இதற்குள் போனால் சுரப்பி வீங்கிவிடும். இது புற்றுநோய் அல்ல.

திடீரென வருவது

கடும் காய்ச்சல், நடுக்கம், சல எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போலிருத்தல், அடிவயிற்றிலும் மலவாசலுக்கு முன்பக்கத்திலும் நோவு. எலிக்காய்ச்சலுக்கும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஆகவே நாமே பெயர் வைக்காமல் எல்லாக் குணங்குறிகளையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். சலம் போகாவிட்டால், அல்லது நடுக்கத்தோடு மயக்கம், வாந்தி இருந்தால், ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

டொக்டர் சலத்தையும் இரத்தத்தையும் சோதிப்பார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று அறியச் சலத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மலவாசல் வழியாக விரலால் மெதுவாகத் தொட்டும் பார்ப்பார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடுமையானால் ஊசி மூலம் மருந்து. பிறகு குளிசை, பொதுவாக 2 முதல் 4 கிழமை.

நாட்பட்டது

காய்ச்சல் இருக்காது. ஆனால் நோவும் எரிச்சலும் 3 மாதத்துக்கு மேல் வந்து வந்து போகும். சலத்தில் அதே கிருமி திரும்பத் திரும்பக் காணப்படும். இதற்கு, சுரப்பியை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் சலம் எடுத்து ஒப்பிடுவதுண்டு. திடீர் நோயில் இப்படி அழுத்தக் கூடாது. மருந்து 4 முதல் 6 கிழமை, சிலருக்கு அதற்கும் மேல். இப்படி நோவு உள்ள எல்லோருக்கும் கிருமி இருப்பதில்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் மிச்சக் குளிசையை வாங்கி விழுங்காதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே குளிசையை நிறுத்துகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சுரப்பிக்குள் மருந்து இறங்குவது மெதுவாகத்தான். மிச்சமிருக்கும் கிருமி மறுபடி கிளம்பும். சிப்ரோபுளொக்சசின் கொடுத்தால் வெறுந்தண்ணீரில் விழுங்குங்கள். பாலோடு எடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. குதிகால் நரம்பு நொந்தால் மலையேறாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். சீனி வருத்தம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

அக்காமாரே, வீட்டுக்காரர் ராத்திரியில் பலமுறை எழும்பிப் போனால் நீங்களாவது கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசு தேவையில்லை. ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, போய்க் காட்டுங்கள்.