வாங்கும் படியும் கொடுக்கும் படியும்



இக்கட்டுரையை எழுதுகிறவன் ஆலிமும் அல்லன், வக்கீலும் அல்லன். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு, ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருப்பவன். ஆயினும் நாள்தோறும் தராசு பிடிக்கிறவனுக்கு ஒரு விஷயம் நன்கு விளங்கும்: படி ஒன்றாயிருக்க வேண்டும். அதைக் கொண்டே இம்மாதப் பாடத்தை எழுதத் துணிந்தேன்.

திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயமாகிய அல்முதஃப்பிஃபீன், அளவையில் மோசம் செய்வோரைப் பற்றியது. தனக்கு வரும்போது நிறைபடியும் பிறருக்குப் போகும்போது குறைபடியும் போடுகிறவனை அது கடுமையாக எச்சரிக்கிறது. நம்மில் பலர் இதை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் சொன்னதாக எண்ணிக்கொள்கிறோம். மனிதனுக்குரிய நீதியும் நிறுத்துக் கொடுக்க வேண்டிய சரக்குத்தான். நம்மவர் சிறுபான்மையாக வாழும் நாடுகளில் நம் மார்க்கத்துக்கு என்ன படி கேட்கிறோமோ, அதே படியை நம் மார்க்கத்தார் பெரும்பான்மையாக வாழும் இந்நாட்டில் பிற சமயத்தாருக்குக் கொடுக்கிறோமா? இதுவே பாடத்தின் கேள்வி.

நாம் கேட்கும் படி

முதலில் இலங்கையைப் பாருங்கள். அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள். 2020 ஏப்ரலில், கொரோனா நோயால் இறந்தோர் அனைவரையும் எரித்தே தீரவேண்டும் என்று அந்நாட்டு அரசு வர்த்தமானியில் விதித்தது. அடக்கம் செய்வதில் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் முன்னரே சொல்லியிருந்தும் அது ஏற்கப்படவில்லை. ஜனாஸாவை மண்ணில் அடக்குவது நமக்குப் பர்ளு கிஃபாயா அல்லவா? வழக்குத் தொடுத்தார்கள். 2020 டிசம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளிவிட்டது. அதே மாதத்தில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டித் துக்கம் தெரிவித்தனர். கட்டியவர்களில் பிற சமயத்தாரும் இருந்தனர் என்பதை மறக்கக்கூடாது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கிற்று. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. 2024 ஜூலையில் அரசே மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

சட்டம் இவ்விதம் தவறும் முன்னரே பத்திரிகை தவறிவிடுகிறது. 2019 மே மாதம் அந்நாட்டுச் சிங்களப் பத்திரிகை ஒன்று, ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று கொட்டை எழுத்தில் எழுதிற்று. ஆதாரம் இல்லை என்று அடுத்த மாதமே விசாரணையாளர் நீதிமன்றத்தில் கூறினர். ஆனால் பழி ஒரே நாளில் நாடு சுற்றியது. உண்மையோ ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

தாயகமாகிய இந்தியாவில் 2020-இல் தப்லீக் ஜமாஅத்தார் நோயைப் பரப்பினர் என்று தொலைக்காட்சிகள் பறையடித்தன. காய்கறி விற்கிறவனின் பெயரைக் கேட்டு, முஸ்லிம் என்றதும் வாங்காமல் திரும்பியவர்களும் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு ஜமாஅத்தார் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்களைப் பலியாடுகளாக ஆக்கியதைக் கண்டித்தது.

இவற்றைப் படிக்கும்போது நம் நெஞ்சு கொதிக்கிறது. கொதிப்பது நியாயமே. நாம் கேட்கும் படி இதுதான்: எங்கள் மார்க்கக் கடமையில் கைவைக்காதீர்; எங்களைக் கேளாமல் தீர்ப்புக் கூறாதீர்; ஒருவர் பெயரால் எல்லோரையும் பழிக்காதீர்.

நாம் கொடுக்கும் படி

இனி நம் ஈப்போவுக்கே வருவோம். இவ்வூரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் எம். இந்திரா காந்தி என்னும் இந்துப் பெண்மணி. 2009-இல் அவர் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவருடைய உரிமை; நமக்கும் சந்தோஷமே. ஆனால் அடுத்த மாதமே, தாய்க்குத் தெரியாமல், மூன்று பிள்ளைகளையும் அவர் மதம் மாற்றிப் பதிவு செய்தார். பிள்ளைகள் அங்கே வரவும் இல்லை. கடைக்குட்டிக்கு அப்போது 11 மாதம். அக்குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்தும் சென்றுவிட்டார்.

வழக்கு நடந்தது. 2013-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்துச் செய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அம்மதமாற்றம் செல்லாது என்று தீர்த்தனர். அமர்வில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தீர்ப்பை வாசித்தவர் ஸைனுன் அலி என்னும் முஸ்லிம் நீதிபதி. அவர்கள் கூறிய காரணங்களில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, பேராக் மாநில இஸ்லாமியச் சட்டப்படியே மார்க்கத்தில் சேருகிறவர் கலிமாவை மொழிய வேண்டும்; பிள்ளைகள் மொழியவே இல்லை. மற்றொன்று, பிள்ளையின் மதத்தைப் பற்றி முடிவு செய்யத் தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். தீர்ப்பு வந்த பின்னும் பல ஆண்டுகள் அக்குழந்தை தாய் மடிக்கு வரவில்லை.

சகோதரர்களே, சம்பவத்தைத் திருப்பி நிறுத்துப் பாருங்கள். நம் பெண் ஒருத்தியின் கணவன் வேறு மதம் போய், பால்குடிப் பிள்ளையையும் பதிந்து, தூக்கிக்கொண்டு மறைந்தால் நாம் என்ன சொல்வோம்? அதைத்தான் அத்தாயும் சொன்னார். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது நம் வேதம் கற்பித்த கொள்கை (2:256). அதை நீதிமன்றம் சொல்லி நாம் கேட்க வேண்டியிருந்ததே என்பதுதான் வெட்கம்.

என் கடையில் நடந்தது

பிறரைச் சொல்லி என்ன? என் தவற்றையே கூறுகிறேன். சென்ற ஆண்டு என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நேற்று முளைத்த அனுமதியற்ற கோயில், சாலைக்கு இடைஞ்சல் என்று அடியில் எழுதியிருந்தது. படித்தவுடன் வியாபார நண்பர்கள் குழுவுக்குத் தட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி சாமான் வாங்க வந்தார். அவர் பேரன் கைக்கும் அப்படம் வந்திருக்கிறது. “பாய், அந்தக் கோயில்லதான் எனக்குத் தாலி கட்டினாங்க. தோட்டத்த வித்தப்ப எங்ககிட்ட ஒரு கடுதாசியும் குடுக்கல. இப்ப நேத்து முளைச்சதுங்கறாங்களே!” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறுவனாயிருந்தபோது சம்பள நாள்தோறும் அத்தாவுடன் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குத்தான் போவேன். அக்கோயில் வாசல் மரநிழலில்தான் அத்தா கடன் நோட்டை விரிப்பார். பால்மரங்கள் போய் வீடுகள் வந்துவிட்டதால், நிழல் தந்த இடத்தையே நான் அடையாளம் காணவில்லை.

தோட்டத்துக் கோயில்களின் கதை பெரும்பாலும் இதுவே. நிலம் கம்பெனியுடையது, துரையின் வாய்ச்சொல்லில் தொழிலாளர் கோயில் கட்டினர். தோட்டம் கைமாறிச் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் ஆனபோது, பழைய கோயில் புது முதலாளியின் நிலத்தில் நின்றது. பட்டா இல்லை என்பது மெய். நேற்று முளைத்தது என்பது பொய். பணம் கொடுத்து நிலம் வாங்கியவருக்கும் உரிமை உண்டு. வியாபாரிகளாகிய நாம் அதை மறுக்க மாட்டோம். அதை முன்கூட்டிய அறிவிப்பாலும், மாற்று நிலத்தாலும், எழுத்திலான உடன்பாட்டாலும் தீர்க்கலாம். பழிச்சொல்லால் தீர்க்க முடியாது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்ட் கோயிலில் நிலத் தகராறு கலவரமாயிற்று. இனச்சண்டை என்ற வதந்தியும் பறந்தது. அங்கே பணிக்குச் சென்று காயமுற்ற தீயணைப்பு வீரர் முஹம்மது அடிப் டிசம்பர் 17-இல் மௌத்தானார்.

செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுங்கள் என்பது 49:6 தரும் கட்டளை. அதை ஓதியிருந்தும் நான் பேணவில்லை. குழுவில் என் தவற்றை எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒரு நண்பர், “உமக்கேன் இந்த வேலை? கோயிலுக்கு வக்காலத்தா?” என்று கேட்டார்.

அவருக்குப் பதில்

கோயிலுக்கு வக்காலத்து அல்ல, நீதிக்கு வக்காலத்து. அவர்கள் வணக்கத்தை நாம் ஏற்கவில்லை. அவர்களும் நம்மிடம் அதைக் கேட்கவில்லை. மடங்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிபடாமல் காக்கப்படுவதை 22:40 ஒருசேரப் பேசுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக்கூடாது என்பது 5:8-இன் போதனை.

மக்காவில் துன்புற்ற நம் முன்னோடிகள் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தபோது, குறைஷிகள் அன்பளிப்புகளோடு தூதரை அனுப்பி அவர்களைப் பிடித்துத் தரக் கேட்டனர். கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷி அன்பளிப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஜஃபர் (ரலி) அவர்களை அழைத்து மறுபக்கத்தையும் கேட்டார், பிறகே தீர்த்தார். நம் ஈப்போப் பாடாங் ஓரத்து இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் 1908-இல் எழுந்தது. அன்று கொடி பறந்தது ஆங்கிலேயருடையது. வேற்று மதத்தார் ஆட்சியில் நாம் பெற்ற படியை நாம் குறைத்துக் கொடுக்கலாமா?

நாட்டின் அரசியல் சட்டமும் இதற்கு மாறன்று. 3-ஆவது விதி இஸ்லாம் கூட்டரசின் மதம் என்கிறது. பிற சமயங்களை அமைதியோடு அனுசரிக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்ற 11-ஆவது விதி இடம் தருகிறது. தம் சமய நிலையங்களை அமைத்து நடத்தும் உரிமையை எல்லாச் சமயத்தாருக்கும் அதே விதி தருகிறது. பாதியை மட்டும் படிப்பதும் குறைபடிதான்.

செய்யத்தக்கவை

1. எச்சமயத்தாரைப் பற்றிய பழிச்செய்தி வந்தாலும், இடம், தேதி, சொன்னவர் யார் என்று தெரியும்வரை பிறருக்கு அனுப்பாதீர்கள்.

2. தவறாக அனுப்பியிருந்தால், அனுப்பிய இடத்திலேயே திருத்தம் எழுதுங்கள். குறைத்துக் கொடுத்த சரக்கை வாடிக்கையாளர் வீடு தேடிப்போய் நிறைப்பதில்லையா?

3. மார்க்கத்துக்கு வர விரும்புகிறவருக்கு மனைவி மக்கள் இருந்தால், அவர்கள் உரிமையையும் எடுத்துச் சொல்லுங்கள்.

4. கடை வாசலில் பிற சமயத்தாரை ஏளனமாகப் பேச இடம் கொடாதீர்கள்.

5. உங்கள் மஹல்லாவில் கோயில் நிலப் பிரச்சினை எழுந்தால், இரு தரப்பாரையும் அறிந்த பெரியவர்களாக நடுவில் நின்று பேசுங்கள்.

அந்த மூதாட்டி இப்போதும் கடைக்கு வருகிறார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, “விடுங்க பாய், உங்க அத்தா எனக்கு ஒரு நாளும் குறைச்சு நிறுத்ததில்ல” என்றார். அத்தாவின் தராசு என்னிடம்தான் இருக்கிறது. அதை நேராகப் பிடிக்க எனக்கும் உங்களுக்கும் வல்ல அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.