புயலும் பொது சுகாதாரமும்: ஒடிசா தரும் படிப்பினை

வட இந்தியப் பெருங்கடலில் தோன்றும் புயல்களுள் பெரும்பாலானவை வங்காள விரிகுடாவில் உருவாகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் கிழக்குக் கடற்கரை மாநிலங்கள் இவற்றை எதிர்நோக்க வேண்டியுள்ளது. காற்றின் வேகமும் கடல் அலையின் உயரமும் அனைவரின் கவனத்தையும் ஈர்க்கின்றன. காற்று அடங்கிய பின் பல வாரங்கள் தொடரும் நோய்களும் இறப்புகளும் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. புயலின் முழுச் சுமையை மதிப்பிட விரும்புவோர் இவற்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

1999இலும் அதன் பின்னரும்

1999 அக்டோபர் 29ஆம் நாள் பாரதீப் அருகே கரையைக் கடந்த பெரும்புயலில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டராக இருந்தது. ஏறத்தாழ 10,000 மக்கள் உயிரிழந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தினர். கால்நடைகள் லட்சக்கணக்கில் மாண்டன. குளங்களிலும் கிணறுகளிலும் உவர்நீரும் கழிவும் கலந்தன. புயலைத் தொடர்ந்து காலரா பரவியது. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயும் காணப்பட்டது.

இப்பேரிடருக்குப் பின் அதே ஆண்டில் ஒடிசா அரசு பேரிடர்த் தணிப்புக்கெனத் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. புகலிடங்கள் கட்டப்பட்டன, எச்சரிக்கை முறை கிராமம் வரை விரிவடைந்தது. 2013 அக்டோபரில் பைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் பேரும், 2019 மே மாதத்தில் ஃபானி புயலின்போது சுமார் 12 லட்சம் பேரும் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். ஃபானியில் இறந்தோர் எண்ணிக்கை 64 எனப் பதிவாயிற்று. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பதில் கிட்டிய இவ்வெற்றி பாராட்டுக்குரியது. ஆயினும் புகலிடத்திலிருந்து வீடு திரும்பும் குடும்பத்திற்குத் தூய குடிநீரும் மருந்தும் மின்சாரமும் கிடைக்கின்றனவா என்பதைப் பொறுத்தே அடுத்த கட்டப் பாதுகாப்பு அமைகிறது.

நோய்கள் தோன்றும் வரிசை

புயலுக்குப் பின் வரும் நோய்கள் ஏறக்குறைய ஒரு கால வரிசையில் தோன்றுகின்றன. இவ்வரிசையை அறிந்திருப்பது நிர்வாகத்திற்குப் பெரிதும் பயன்படும்.

முதல் நாட்களில் நீரில் மூழ்குதல், சுவர் இடிதல், மரம் விழுதல், கூரைத் தகடு வெட்டுதல் ஆகியவற்றால் இறப்பும் காயங்களும் நேர்கின்றன. வெள்ளத்தால் வளையிழந்த பாம்புகள் மேட்டு நிலத்தையும் வீடுகளையும் நாடுவதால் பாம்புக்கடியும் ஏற்படுகிறது.

முதல் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கும் காலராவும் தலைதூக்கலாம். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரில் நடப்போருக்கு, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் எலிக்காய்ச்சல் அறிகுறிகள் வெளிப்படும். நீர் வழிப் பரவும் மஞ்சள் காமாலை இன்னும் சில வாரங்கள் கழித்துத் தோன்றும். கொசுக்களின் நிலை சற்று வேறானது. பெருவெள்ளம் முதலில் கொசுப் புழுக்களை அடித்துச் சென்றுவிடுகிறது. பின்னர் தேங்கும் நீரில் அவை மீண்டும் பெருகுவதால், மலேரியாவும் டெங்குவும் ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து அதிகரிக்கக்கூடும்.

மனநலப் பாதிப்பு இவற்றினும் நீடித்தது. 1999 புயல் வீசி ஓராண்டு கழிந்தபின் ஒடிசாவில் சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வில், சுமார் 30 சதவிகிதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு காணப்பட்டது.

குடிநீரே முதற்பணி

பேரிடரில் இறந்தோரின் உடல்களிலிருந்தே கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. காயத்தாலோ மூழ்கியோ இறந்தவர்களின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உடல்களை அடையாளம் காணுமுன் அவசரமாகப் புதைப்பதால் குடும்பங்களுக்குத் துயரமும், இழப்பீடு பெறுவதில் இடரும் விளைகின்றன. அந்த உழைப்பைக் குடிநீரைத் தூய்மை செய்வதில் செலவிடுவதே பொருத்தம்.

33 சதவிகிதக் குளோரின் கொண்ட பிளீச்சிங் பவுடர், தெளிந்த நீரில் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வீதம் தேவைப்படும். நீர் கலங்கலாக இருப்பின் அளவு கூடும். கிணற்றுக்குத் தேவையான அளவை ஹாராக்ஸ் சோதனை காட்டும். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் பட்டால் இப்பவுடர் வீரியம் இழந்துவிடும். எனவே இருப்பில் எத்தனை மூட்டைகள் உள்ளன என்று எண்ணுவது போதாது. அவற்றின் வீரியத்தைப் பருவம் தொடங்குமுன் சோதிப்பதும் இன்றியமையாதது.

வயிற்றுப்போக்கால் நீரிழப்பு ஏற்பட்டோருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர்காக்கும் மருந்தாகும். 1971இல் வங்காள எல்லையிலிருந்த அகதி முகாம்களில் டாக்டர் திலீப் மகாலநாபிஸ் இதனைப் பெருமளவில் பயன்படுத்தி, காலரா இறப்பைக் கணிசமாகக் குறைத்துக் காட்டினார். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் மட்டமாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து தரலாம்.

கணக்கில் வராத இறப்புகள்

2017இல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய மரியா புயலால் இறந்தோர் 64 பேர் என முதலில் அறிவிக்கப்பட்டது. வழக்கமான இறப்பு அளவோடு ஒப்பிட்டு மறு ஆண்டில் செய்யப்பட்ட மதிப்பீடு 2,975 என்றது. அரசும் அதனை ஏற்றது. மின்தடையும் மருத்துவ வசதிகளின் முடக்கமும் முதியோரையும் நோயாளிகளையும் மிகுதியாகப் பாதித்தன. மின்சாரம் இல்லையேல் குடிநீர் இறைக்கும் பம்பு நிற்கிறது. தடுப்பு மருந்துகளின் குளிர்நிலை கெடுகிறது. டயாலிசிஸ் சிகிச்சை தடைப்படுகிறது. புயல் நாளின் இறப்புகளை மட்டும் எண்ணும் மாவட்டத்தில் இவை யார் கணக்கிலும் சேர்வதில்லை. கணக்கில் சேராத தேவைக்கு நிதி ஒதுக்கீடும் கிட்டாது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, புயலுக்குப் பின் குறைந்தது மூன்று மாதங்களுக்கு இறப்புப் பதிவேட்டை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். இரண்டாவதாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி மருந்து, உப்பு சர்க்கரைப் பொட்டலம், குளோரின் மாத்திரை, மின்னாக்கிக்கான டீசல் ஆகியன பருவத்திற்கு முன்பே இருப்பில் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கர்ப்பிணிகள், காசநோய் மற்றும் நீரிழிவு நோயாளிகள் ஆகியோரின் பட்டியலைக் கிராமவாரியாகப் பராமரித்தல் வேண்டும். 2024 அக்டோபரில் டானா புயலுக்கு முன் ஒடிசாவில் 4,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். பட்டியல் முன்னரே ஆயத்தமாக இருந்தால் இத்தகைய பணி சில மணி நேரங்களில் முடியும்.

புயலில் பயிரும் படகும் இழந்த கூலித் தொழிலாளி, அடுத்த மாதத்தில் நோயுற்றால் உழைப்பு நாட்களையும் இழக்கிறான். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்குகிறான். அக்கடன் பல பருவங்களுக்கு அவன் குடும்பத்தைப் பின்தள்ளுகிறது. ஆதலின் புயற்காலப் பொது சுகாதாரச் செலவு வறுமை ஒழிப்புக்கான முதலீடுமாகும். வெளியேற்றத்தில் காட்டிய அதே முனைப்பைப் புயலுக்குப் பிந்தைய மூன்று மாதங்களிலும் மாவட்ட நிர்வாகங்கள் காட்டுமாயின், காப்பாற்றப்படும் உயிர்கள் மேலும் பெருகும்.