பார்ட்டிஷனை அழித்துப் பழக ஓர் இடம்

கல்முனையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பழகத் தொடங்கி மூன்றாவது கிழமை. சாய்ந்தமருதிலிருந்து ஓர் உம்மா லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மகன், வைரஸ் புடிச்சிரிக்கி, விண்டோஸ் அடிச்சித் தாங்க. என்ட புள்ளட கலியாணப் படமெல்லாம் அதுலதான் இரிக்கி, கவனம்."

ஒரே டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்திருந்தால் ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன். விண்டோஸ் நிறுவும்போது வரும் டிஸ்க் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. "டிரைவ் 0 பார்ட்டிஷன் 2", "டிரைவ் 0 பார்ட்டிஷன் 3" என்றுதான் வரும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. நான் படங்கள் இருந்த டியை அழித்து அதன்மேல் விண்டோஸை ஏற்றினேன். மீட்பு மென்பொருளை இரண்டு இரவு ஓடவிட்டும் பாதிப் படங்கள்தான் வந்தன. வந்தவற்றிலும் பலதில் மணமகளின் முகம் வரை தெரியும், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்தப் பிழையை யாருடைய படமும் போகாமல் விட்டுப் பழக இன்றைக்கு இடம் இருக்கிறது. வேர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். உங்கள் கணினிக்குள் ஒரு ஜன்னலில் ஓடும் இன்னொரு கணினி. அதற்கும் ராம் உண்டு, ஹார்ட் டிஸ்க் உண்டு, பயோஸ் உண்டு. ஆனால் அந்த டிஸ்க் உங்கள் கணினியில் கிடக்கும் ஒரு ஃபைல் மட்டுமே. கெட்டுப்போனால் அழித்துவிட்டு வேறொன்று செய்யலாம்.

இதை இப்போதே பழகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. எதை மாற்றலாம், எதில் லினக்ஸ் போடலாம், எதைக் கைவிடலாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குக் காரைதீவு முதல் அக்கரைப்பற்று வரை பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை இருக்கிறது. கட்டாருக்கோ துபாய்க்கோ ஐடி சப்போர்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கும் இதுவே முதல் படி.

வேண்டியது 8 ஜிபி ராம் உள்ள ஒரு லப்டொப். 4 ஜிபிதான் இருக்கிறதென்றால் லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸோடு தொடங்குங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ், சிபியூ என்று போனால் கீழே "வேர்ச்சுவலைசேஷன்" என்ற வரி இருக்கும். அது முடக்கத்தில் இருந்தால் பயோஸுக்குள் போய் இயக்க வேண்டும். எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2. இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரைத் தேடுங்கள்.

மென்பொருளுக்கு வேர்ச்சுவல்பொக்ஸ் போதும். 2007இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது, சன் நிறுவனத்துக்குக் கைமாறி 2010இல் ஒராக்கிளிடம் வந்தது. அடிப்படைப் பொதி கட்டற்ற மென்பொருள். தனியாக இறக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியல்ல. வீட்டில் பழக இலவசம், அலுவலகத்தில் போட உரிமம் வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கேட்காமல் இதைப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் நிறுவப்போவது உபுண்டு என்ற லினக்ஸ். அதன் 24.04 பதிப்பின் ஐஎஸ்ஓ, அதாவது நிறுவும் வட்டின் பிரதியான ஃபைல், ஏறத்தாழ 6 ஜிபி. இரவு டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்குங்கள். இறங்கியதும், அதன் எஸ்எச்ஏ-256 எண்ணைத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் அறுந்த ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு விஎம் சரியில்லை என்று நாள் முழுக்கத் தலையை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிய விஎம்முக்கு 4 ஜிபி ராம், 2 சிபியூ, 40 ஜிபி டிஸ்க் கொடுங்கள். அந்த 40 ஜிபியும் உடனே போகாது. உள்ளே நிரம்ப நிரம்பத்தான் ஃபைல் பெருக்கும். ஐஎஸ்ஓவைத் தெரிவுசெய்ததும் ஆளில்லா நிறுவலை வேர்ச்சுவல்பொக்ஸ் தானே செய்யப் பார்க்கும். அந்த வசதியைக் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் படிக்க வந்த திரை ஒன்றையும் காட்டாமல் வேலையை முடித்து, நீங்கள் வைக்காத ஒரு பயனர் பெயரைக் கையில் தரும். உபுண்டுவில் அந்தப் பயனருக்கு நிர்வாகி உரிமைகூட இருக்காது.

நடுவில் "டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவவா?" என்ற கேள்வி வரும். முதல் தடவை எல்லாருக்கும் கை நடுங்கும். அழியப்போவது அந்த ஃபைல் மட்டும்தான், தைரியமாக அழுத்துங்கள்.

ஓட்டம் மந்தமாக இருந்தால் ஜன்னலின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு பச்சை ஆமை இருக்கலாம். இருந்தால், விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி அடியில் உட்கார்ந்து சிபியூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, வேர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபோம் இரண்டையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் ஆமை போகாவிட்டால் மெமரி இன்டெக்ரிட்டி காரணமாக இருக்கலாம். அது ஒரு பாதுகாப்பு வசதி, பழகும் லப்டொப்பில் மட்டும் நிறுத்துங்கள்.

விஎம்மின் திரை சின்னதாக இருந்தால் அதற்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவ வேண்டும். பிறகு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். எதைக் கெடுத்தாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைக்க வேண்டாம். லப்டொப்பின் டிஸ்க் செத்தால் விஎம்மும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும்.

நேர்முகப் பரீட்சைக்கு ஒன்று. விஎம்முக்குள் ஐபி முகவரி 10.0.2.15 என்று வரும், உங்கள் நண்பருடைய விஎம்மிலும் அதேதான் வரும். ஏன்? நாட் என்ற வலையமைப்பு முறையில் ஒவ்வொரு விஎம்மும் தனக்கென ஒரு சின்ன வலையமைப்புக்குள் இருக்கிறது. பிரிஜ்ட் முறைக்கு மாற்றினால் வீட்டு ரௌட்டரே அதற்கு முகவரி கொடுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் இந்தக் கேள்விக்குத் தடுமாறுவதில்லை.

பதிலை ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லப் பழகுங்கள். கேட்கும் மேலாளர் ஆங்கிலத்தில் கேட்பார், கடைக்கு வரும் உம்மா தமிழில் கேட்பார். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்ட்டிஷன் என்றால் என்ன என்று ஒரு தாய்க்குத் தமிழில் விளக்கத் தெரியாமல் நிற்கக் கூடாது என்பது என் ஆசை.

அடுத்தது விண்டோஸ் 11. களவாகப் பிரதி எடுத்த விண்டோஸ் வேண்டாம். என்டர்பிரைஸ் பதிப்பை 90 நாள் பரீட்சித்துப் பார்க்க மைக்ரோசொஃப்டே தருகிறது, விண்டோஸ் சேர்வரை 180 நாள். 2022இல் வந்த வேர்ச்சுவல்பொக்ஸ் 7.0 முதல் டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் விஎம்முக்குள்ளேயே உண்டு. டிஸ்க்குக்கு 80 ஜிபி கொடுங்கள்.

நிறுவி முடிந்ததும் என் பிழையை அப்படியே திரும்பக் கட்டுங்கள். சியைச் சுருக்கி, ஏறத்தாழ அதே அளவில் டி ஒன்று உண்டாக்கி, அதற்குள் பத்துப் படங்களைப் போடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்து மறுபடி நிறுவத் தொடங்குங்கள். டிஸ்க் பட்டியல் வந்ததும் அழிக்காதீர்கள். ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்துங்கள், கறுப்புத் திரை வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஃபைல், ஓபன் என்று போய், எல்லா ஃபைலும் தெரியும்படி மாற்றி ஒவ்வொரு டிரைவாகப் பாருங்கள். அங்கே காட்டும் எழுத்தை நம்ப வேண்டாம், விண்டோஸில் டியாக இருந்தது இங்கே சியாகத் தெரியலாம். படங்கள் எந்த டிரைவில் இருக்கின்றன, அதன் சரியான அளவு எவ்வளவு என்று கொப்பியில் எழுதிக்கொண்டு பட்டியலுக்குத் திரும்புங்கள். விண்டோஸ் இருந்த மற்றதை மட்டும் ஃபோர்மட் செய்து நிறுவுங்கள்.

முடிந்ததும் டியைத் திறந்து பத்துப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி முதலிலிருந்து செய்யுங்கள்.