இளைஞர் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிறப்புக் கல்வியில் டிப்ளமோவோ பி.எட்.டோ முடித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகள் பிரிவைத்தான் கேட்கிறார்கள். அங்கே பாட்டு உண்டு, பொம்மை உண்டு, ஒரே பருவத்தில் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றமும் உண்டு. அங்கே இடமில்லை என்று உங்களை இளைஞர் பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள். முகம் வாடவேண்டாம். சென்னையில் இப்போது ஆள் தேவைப்படுவது இங்கேதான்.

மயிலாப்பூரில் கிளார்க் சிறப்புப் பள்ளி தொடங்கியது 1970-இல். இன்று கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யா சாகரைப் பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கினார். அந்த நாளில் இடுப்பில் தூக்கிவரப்பட்ட குழந்தைகளுக்கு இன்று தலை நரைக்கிறது. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது என்ன செய்வது என்று நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று தெளிவாகச் சொல்கிறது. பதினெட்டு முடிந்தால் பள்ளி வேன் வாசலுக்கு வராது. அதற்கு அப்புறம்தான் உங்கள் வேலை.

1. வீட்டுக்குப் போனால் முதலில் அந்தப் பையனிடம், அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். "இவன் காபி குடிப்பானா?" என்று அம்மாவிடம் கேட்டால் அன்றைக்கே அவன் உங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டான். அவனிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேச்சு வராத சி.பி. (பெருமூளை வாதம்) பிள்ளை தொடர்பு அட்டையில் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும், பக்கத்திலிருக்கும் பாட்டி பதிலைச் சொல்லிவிடுவார். பாட்டியை அமர்த்துவதும் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான். இருபத்தெட்டு வயது ஆளைக் 'குழந்தை' என்று சொல்லும் பழக்கம் வீடுகளில் மட்டுமில்லை, நம் மையங்களிலேயே இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைவிட மூத்தவராக இருந்தால் 'வாங்க, போங்க'தான். நடக்க முடியாதவருக்கும் பேச்சு வராதவருக்கும் அந்த மரியாதை உண்டு.

2. பதினெட்டுக்கான வேலையைப் பதினாலிலேயே ஆரம்பியுங்கள். சட்டை எடுக்க தி. நகர் போகிறார்களா, எந்த நிறம் என்பது அவன் முடிவு. தலைவாரும் விதம், ஞாயிற்றுக்கிழமை டிபன், பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் அப்படியே. சின்ன விஷயங்களில் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவரிடம், பதினெட்டு வயதில் திடீரென்று "உனக்கு என்ன வேலை வேண்டும்?" என்று கேட்டால் அவர் எங்கே போவார்? தவறான சட்டையை எடுக்கட்டும். எடுத்ததைப் போட்டுக்கொண்டு சுற்றட்டும்.

3. காகிதங்கள். இது சுவையில்லாத பகுதி, ஆனால் இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் தடுமாறும். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா, சிறு வயதில் தற்காலிகமாகத் தந்த சான்றாக இருந்தால் புதுப்பித்தார்களா என்று பாருங்கள். ஆதாரில் பால்மணம் மாறாத படம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்புத் தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. வசதியான வீடுகளில் "எங்களுக்கு எதுக்கு" என்பார்கள். தொகையை விடுங்கள், அது அவருடைய பெயரில் வரும் பணம் என்று சொல்லுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு உதவும், அதையும் எழுதிவையுங்கள்.

வாக்காளர் அட்டையைப் பெரும்பாலான வீடுகள் மறந்தே போகின்றன. தானாகப் பொத்தானை அழுத்த முடியாதவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லத் தேர்தல் விதி இடம் தருகிறது. துணைக்குப் போகிறவர் ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். யாருக்கு ஓட்டு என்பதை அப்பா தீர்மானிக்கக் கூடாது. இதற்கு அப்பாக்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள்.

அப்பாவோ அம்மாவோ அரசு வேலையில் இருந்தவரா என்று கட்டாயம் கேளுங்கள். மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் பாதிப் பேர் ஏ.ஜி. ஆபீஸ், தபால், ரயில்வே என்று ஏதாவது சொல்வார்கள். தானாகச் சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் அலுவலகப் பதிவில் ஏற்றிவிட வேண்டும். இருவரும் போன பிறகு, அண்ணன் லீவு போட்டுக்கொண்டு வந்து அலைவதைப் பார்க்கச் சகிக்காது.

4. கார்டியன்ஷிப். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பதினெட்டு முடிந்ததும் குறைபாடு எதுவானாலும் சட்டத்தின் கண்ணில் அவர் முழு மனிதர், தன் காரியத்துக்குத் தானே பொறுப்பு. பெற்றோர் அன்றைக்குத்தான் பதறுகிறார்கள். பேங்கில் யாரோ "கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள், உடனே ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்கு ஓடுவார்கள்.

ஓடட்டும், ஆனால் தெரிந்துகொண்டு ஓடட்டும். ஆட்டிசம், சி.பி., அறிவுசார் குறைபாடு, பல குறைபாடுகள் ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி மாவட்டக் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் நிலை அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று குழுவில் மூவர். இந்தக் குழு இரண்டு கேள்விகளைப் பார்க்க வேண்டும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. இவருக்குப் பாதுகாவலர் தேவையா? தேவையென்றால் எந்தக் காரியங்களுக்கு? இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். விண்ணப்பத்தில் 'எல்லாவற்றுக்கும்' என்கிற பொருளில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுத விடாதீர்கள். பேங்க் கணக்கு நடத்த, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட, ஆபரேஷனுக்குச் சம்மதம் தர என்று தேவையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய் வரையறுக்கப்பட்ட பாதுகாவலை மட்டுமே பேசுகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அவருடைய விருப்பத்தை ஒட்டிப் பாதுகாவலரும் அவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவிலிருந்து வந்த எண்ணம். மாவட்ட அலுவலக மேசைக்கு அது வந்து சேர இன்னும் நாளாகும், நீங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

பாதுகாவலருக்கு உரிமையோடு கடமையும் உண்டு என்பதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. நியமனமான ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும், முறைகேடு செய்தால் நீக்கப்படலாம். சொத்துக்காக மட்டும் திடீரென்று பாசம் பொங்கி வருகிற உறவினர் இதைக் கேட்டால் கொஞ்சம் தயங்குவார். உடல் மட்டும் பாதித்த, புத்தி தெளிவாக இருக்கும் சி.பி. இளைஞருக்குப் பாதுகாவலரே வேண்டாம். பேச்சு குழறுகிறது என்பதற்காக ஒருவரின் கையெழுத்தைப் பிடுங்கிவிடாதீர்கள்.

5. கையெழுத்தே போட முடியாதவர் என்றால்? ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளில் கைரேகைக்கும் அடையாளக் குறிக்கும் இடமுண்டு. கால் பெருவிரல் ரேகைகூட அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கணக்கு வைத்திருப்பவரை அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரி. கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள். வாக்குவாதம் வேண்டாம், காகிதத்தை நீட்டுங்கள்.

6. பயணம். வேனில் ஏறி வேனில் இறங்கினவருக்குத் தன் தெருவே தெரியாது. முதலில் ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். மந்தைவெளியிலிருந்து லஸ் என்றால் அதை மட்டும். முதலில் கூடவே போங்கள், பிறகு பத்தடி பின்னால் வாருங்கள், பிறகு இறங்கும் நிறுத்தத்தில் நின்று காத்திருங்கள். அறுபத்துமூவர் நாளில் மாட வீதியிலும், தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவிலும் பயிற்சி வைக்காதீர்கள். கூட்டத்தில் ஆட்டிசம் உள்ளவருக்குக் காது வலிக்கும், உங்களுக்கும் உயிர் போகும்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் நிலையத்துக்கு 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் லிப்ட் இருப்பதால், படி ஏற முடியாதவருக்கும் அந்தப் பக்கம் திறந்தது. 2024 ஆகஸ்டில் மாநகரப் பேருந்தில் தாழ்தள வண்டிகள் வந்தன. அவை தானாக வந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டணியின் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றத்தில் விடாமல் நடத்திய வழக்கும் அதற்கு ஒரு காரணம். அந்த வண்டியில் உங்கள் ஆட்கள் ஏறாவிட்டால், "வீல்சேர்காரர்கள் யாரும் வருவதில்லையே" என்று நாளைக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

7. வேலை. மெழுகுவத்தி, காகிதப் பை, நவராத்திரிக்கு அகல்விளக்கு. இந்த மூன்றிலேயே எத்தனை பேரின் இருபது வருடத்தை நாம் உட்கார்த்திவைத்திருக்கிறோம்! இதைச் சொன்னால் என் தலைமுறைக்காரர்களுக்குக் கோபம் வரும். அந்த வேலை சிலருக்கு உண்மையாகவே பிடிக்கிறது, அவர்கள் செய்யட்டும். பிடிக்காதவரை அதில் தள்ளாதீர்கள். தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடை, மெஸ், டெய்லர், சூப்பர் மார்க்கெட் என்று ஐந்து நிமிட நடையில் எவ்வளவு வேலைகள்! முதலாளியிடம் இரக்கத்தைக் கேட்காமல், வேலையைப் பிரித்துக் காட்டுங்கள். விலைச்சீட்டு ஒட்டுவது ஒருவருக்கு வரும், கல்லாவில் உட்காருவது வராது. முதல் சில வாரம் பக்கத்திலேயே நில்லுங்கள்.

படித்தவர்களுக்கு அடையாறு எபிலிட்டி ஃபவுண்டேஷன் 2004 முதல் நடத்திவரும் வேலைவாய்ப்பு முகாம்கள் இருக்கின்றன. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் உள்ளவர்களுக்குச் சேரும். சம்பளம் ஐந்நூறோ ஐயாயிரமோ, அவர் கணக்கில் விழவேண்டும், அம்மா கையில் கவரில் வரக் கூடாது.

சிலர் ஒருநாளும் சம்பளத்துக்கு வேலை செய்யப் போவதில்லை. அதைப் பெற்றோரிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவருடைய காலை பத்து மணியும் மாலை நான்கு மணியும் எப்படிப் போகிறது என்று பார்க்க உட்காருங்கள்.

8. உடம்பு. இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் இந்தப் பிரிவுக்கு வரவேண்டாம். பதினேழு வயதுப் பையன் கதவைத் தாழிட்டுக் குளிக்க வேண்டும். முடியாதவருக்கு உதவும்போது சொல்லிவிட்டுத் தொடுங்கள். தன்னைத் தொட்டுக்கொள்வது தன் அறையில், கதவு சாத்தியபின் என்று அடிக்காமல், அதட்டாமல் சொல்லிக்கொடுங்கள். பெண்ணுக்கு மாதவிலக்குப் பழக்கம் படிப்படியாகச் சொன்னால் வரும். வராது என்று பயந்து கர்ப்பப்பையையே எடுத்துவிடலாமா என்று கேட்கும் அம்மாக்கள் இன்னும் வருகிறார்கள். 1994-இல் புனேயில் அரசு இல்லத்துப் பெண்களுக்கு அப்படிச் செய்ததில் நாடே அதிர்ந்தது. 2016 சட்டத்தின் 10-ஆம் பிரிவு, அவருடைய சம்மதமின்றிக் கருத்தரிக்கும் திறனையே போக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. அந்த அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் பயப்படுவது இரத்தத்துக்கு இல்லை, யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்பதற்கு. யார் தொடலாம், யார் தொடக் கூடாது, எப்படிக் கத்த வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் பயத்துக்கு மருந்து.

காதலும் வரும். வரட்டும்.

9. கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே அலைவரைக்கும் சக்கர நாற்காலி போகும் மரப்பாதை 2022 நவம்பரில் திறந்தது, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்தார்கள். பயிற்சி எதுவும் வைக்காதீர்கள், சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

10. "நாங்க போன பிறகு?" இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும், அம்மாவுக்கு எழுபது வயதானபின் தினமும் வரும். அண்ணன் கலிபோர்னியாவில், தங்கை பெங்களூரில். தங்கைதான் பார்த்துக்கொள்வாள் என்று அவளைக் கேட்காமலே எல்லோரும் முடிவு செய்திருப்பார்கள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். முடியாது என்றால் அதையும் ஏற்றுக்கொண்டு, விடுதி, நண்பர்கள் சேர்ந்து வாழும் வீடு, வீட்டோடு ஆள் என்று வேறு வழிகளை நேரமிருக்கும்போதே பார்க்கத் தொடங்குங்கள். பெற்றோர் இருக்கும்போதே ஒரு இரவு, பிறகு ஒரு வாரம் என்று வேறு இடத்தில் தங்கிப் பழகட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே தூங்க வேண்டும் என்றால் அது கொடுமை.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுவார், காபியில் சர்க்கரை எவ்வளவு, வலிப்பு மாத்திரையின் பெயரும் அளவும், இடி இடித்தால் என்ன செய்வார், கோபம் வந்தால் யார் பேச்சைக் கேட்பார், எந்தப் பாட்டுக்குச் சமாதானமாவார், 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டுவார். எழுதும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், தவறாக எழுதினால் திருத்தட்டும். பொங்கலுக்குப் பொங்கல் ஒருமுறை புரட்டிப் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று உங்கள் கோப்பில், ஒன்று தங்கையிடம், ஒன்று அவருடைய பீரோவில், சாவியோடு.